இருவர் ஓட்டும் லாரி, ஒருவர் பெயரில் வரவு

"மைலுக்கு இரண்டு டாலர் கூலி" என்று யாராவது சொன்னால் நம் மனசு சும்மா இருக்குமா? உடனே பெருக்கல் கணக்குப் போட ஆரம்பித்து விடும். வருஷத்துக்கு 80,000 மைல் ஓடினால் 1,60,000 டாலர்! அதை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் தலை கிறுகிறுத்துப் போகும். "அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறவர்கள் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறார்களாமே!" என்ற பேச்சு பிறப்பது இப்படித்தான்.

சகோதரிகளே, பெருக்கல் கணக்கு எல்லோருக்கும் வரும். குடும்பத்தைக் காப்பாற்றுவது கழித்தல் கணக்கு. மளிகைக் கடைக்காரருக்கும் பால்காரருக்கும் கொடுத்தது போக, மாசக் கடைசியில் டப்பாவில் மிஞ்சுவது என்ன என்று பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். ஆகவே, இந்த வாரம் அமெரிக்காவின் அவசரச் சரக்கு லாரிக் கணக்கை உங்கள் முன்னால் வைக்கிறேன். அதில் கழித்தலோடு ஒரு வகுத்தலும் இருக்கிறது. அந்த வகுத்தலில்தான் ஒரு பெண்ணின் முதுமைக் காலமே அடங்கியிருக்கிறது.

அவசரத்துக்கு ஏன் அதிகக் கூலி?

டெட்ராயிட் பக்கத்து மோட்டார்த் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. சாமான்களை வாங்கி மாசக் கணக்கில் கிடங்கில் அடுக்கி வைப்பதில்லை. தேவைப்படும் பொழுது, தேவைப்படும் அளவு வந்து இறங்கினால் போதும். ஜப்பானில் டொயோட்டா கம்பெனி வளர்த்த முறை இது. 1980-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலும் பரவியது. கிடங்கு வாடகை மிச்சம், முடங்கிக் கிடக்கும் பணமும் மிச்சம். ஆனால் எதிலும் ஒரு சங்கடம் உண்டல்லவா? ஒரு பெட்டி திருகாணி வந்து சேராவிட்டால் முழுத் தொழிற்சாலையும் கையைக் கட்டிக் கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் கூப்பிடுவதற்கென்றே இருக்கிறது அவசர லாரி. சாதாரணச் சரக்கு பல ஊர்க் கிடங்குகளில் இறங்கி ஏறி, நாலு பேர் சரக்கோடு கலந்து போகும். அவசரச் சரக்கு அப்படி இல்லை. ஒருவருடைய சரக்கு மட்டும் வண்டியில் ஏறும். நடுவில் இறக்குவது கிடையாது. இரவானாலும் பகலானாலும் நேரே போய்ச் சேர வேண்டும். குளிர் குறையாமல் போக வேண்டிய மருந்து, பழுதாகி நிற்கும் ஆகாய விமானத்துக்கு வேண்டிய பாகம், மறுநாள் திறக்கப் போகும் பொருட்காட்சிக்கான சாமான் எல்லாம் இப்படிப் போகிறவைதான்.

இந்தத் தொழிலில் பேர் பெற்றதொரு கம்பெனி ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில் 1947-ல் தொடங்கிய ராபர்ட்ஸ் எக்ஸ்பிரஸ். 1998-ல் அது பெடெக்ஸ் கையில் சேர்ந்தது. 2000-த்தில் பெடெக்ஸ் கஸ்டம் கிரிட்டிகல் என்று பெயர் மாறியது. இம்மாதிரிக் கம்பெனிகள் தங்கள் சரக்குக்கு எல்லாம் சொந்த லாரி வைத்துக் கொள்வதில்லை. சொந்த லாரி வைத்திருக்கும் டிரைவர்களோடு ஒப்பந்தம் செய்து கொள்கின்றன. சரக்குக்காரரைப் பிடிப்பது கம்பெனி. வண்டியும் உழைப்பும் டிரைவருடையது. வருகிற கூலியில் இருவருக்கும் பங்கு.

சட்டம் சொல்லும் தூக்கம்

இப்பொழுது ஒரு சின்னக் கணக்கு. டெட்ராயிட்டிலிருந்து மெக்ஸிகோ எல்லையிலுள்ள லரேடோ வரைக்கும் ஏறக்குறைய 1,700 மைல். நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 50 மைல் வீதம் ஓட்டினால் 34 மணி நேரம் ஆகும்.

ஆனால் தனி மனிதன் ஒருவன் 34 மணி நேரம் தொடர்ந்து ஓட்டக் கூடாது. 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். அதையும் வேலையில் ஏறியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடித்து விட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இதைக் குறித்துக் கொள்ள 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான லாரிகளில் மின்னணுக் கருவி கட்டாயமாகியிருக்கிறது. பழைய காலத்து நோட்டுப் புத்தகத்தில் மாற்றி எழுதுகிற சாமர்த்தியமெல்லாம் அதனிடம் பலிக்காது! ஆக, தனியாளாகப் போனால் லரேடோ போய்ச் சேர மூன்றாம் நாள் ஆகி விடும்.

இரண்டு பேர் இருந்தால்? ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னாலுள்ள படுக்கையில் தூங்கலாம். ஒன்றரை நாளில் சரக்கு போய் இறங்கி விடும். அதனால்தான் நீண்ட தூர அவசரச் சரக்குக்கு இரட்டை டிரைவர் வண்டிக்கு மவுசு அதிகம். எட்டு நாளில் ஒருவர் 70 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்த பிறகு ஓட்டக் கூடாது என்ற விதியும் இருப்பதால், தினம் தினம் இப்படிப் பறக்க முடியாது. ஆனாலும் அவசரத்துக்கு இருவர் இருவர்தான்.

சின்ன வேன்களில் இந்தத் தொழில் செய்கிறவர்களும் உண்டு. வண்டியின் எடைத் தகுதி 10,001 பவுண்டுக்குக் கீழே இருந்தால் பொதுவாக இந்த நேரக் கட்டுப்பாடு கிடையாது. கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் "போய்த் தூங்கு" என்று சொல்ல ஆளில்லாத இடத்தில், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஆசை சொல்லும். கொடுக்கிற கூலியில் உயிருக்கும் விலை சேர்த்தி என்பதை வீட்டிலிருக்கிறவர்கள் மறந்து விடக் கூடாது.

சக்கரத்தின் மேல் குடித்தனம்

இரண்டாவது டிரைவர் யார்? நாள் முழுவதும் ஆறடி அகல அறையில் சேர்ந்திருக்க வேண்டும். அவர் ஓட்டும் பொழுது இவர் நம்பிக்கையோடு கண்ணை மூட வேண்டும். ஆகவே கணவன் மனைவியாகச் சேர்ந்து ஓட்டுகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். குழந்தைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போன பிறகு, வீட்டைப் பூட்டிக் கொண்டு லாரியில் ஏறி விடுகிறார்கள்.

டிரைவர் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு படுக்கை; சிறிய குளிர்சாதனப் பெட்டி; சூடு பண்ண ஓர் அடுப்பு. பெரிய வசதியான வண்டியானால் குழாயும் தொட்டியும்கூட உண்டு. குளியலுக்கு நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிலையங்கள். ஹோட்டலில் சாப்பிட்டால் கூலி கரையும் என்பதால், பருப்பும் காய்கறியும் கொதிப்பது ஓடுகிற வண்டியிலேதான். தூக்கமோ, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தரம் தூக்கிப் போடுகிற தூக்கம்!

இதில் "கணவருக்குத் துணையாகப் போகிறாள்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. பாதித் தூரம் ஓட்டுகிறவள் அவள். அவள் இல்லாவிட்டால் இரட்டை டிரைவர் சரக்கு அந்த வண்டிக்குக் கிடைக்காது. இதை மனசில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

கழித்தல் கணக்கு

கீழே வருவது உதாரணத்துக்காக நான் போட்ட கணக்கு. வண்டிக்கு வண்டி, வருஷத்துக்கு வருஷம் எண்கள் மாறும். கழிக்க வேண்டிய இனங்கள் மாறாது.

கூலி கிடைக்கும் ஓட்டம் 80,000 மைல், மைலுக்கு 2 டாலர் என்றால் வரவு 1,60,000 டாலர். இனி செலவைப் பார்ப்போம்.

லரேடோவில் சரக்கை இறக்கியதும் அங்கேயே அடுத்த சரக்கு காத்திருக்குமா? சில சமயம் இருக்கும். சில சமயம் 300 மைல் காலி வண்டியாக ஓட்டிப் போய் ஏற்ற வேண்டும். அந்தக் காலி ஓட்டம் 20,000 மைல் என்று வையுங்கள். ஆக, வண்டி ஓடியது 1,00,000 மைல். காலன் டீஸலுக்குப் பத்து மைல், காலன் 4 டாலர் என்றால் டீஸல் மட்டும் 40,000 டாலர்.

லாரித் தவணை மாசம் 2,500 வீதம் 30,000. டயர், எண்ணெய், பழுது பார்த்தல் மைலுக்கு 15 சென்ட் வீதம் 15,000. இன்ஷூரன்ஸ் 10,000. சுங்கம், அனுமதிச் சீட்டு, இதர சில்லறை 5,000.

மொத்தச் செலவு 1,00,000. மிச்சம் 60,000 டாலர்.

இன்னும் முடியவில்லை. சம்பளக்காரர்களுக்கு முதுமைக்கால உபகாரச் சம்பளத்துக்கும் மருத்துவ உதவிக்குமான வரியில் பாதியை முதலாளி கட்டுகிறார். சொந்தத் தொழில்காரருக்கு முதலாளியும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான். இரண்டு பாதியும் சேர்ந்து நூற்றுக்கு 15.3. அறுபதாயிரம் முழுவதும் லாபம் என்று எடுத்துக் கொண்டால் இந்த வகையில் சுமார் 8,500 போகும். வருமான வரி தனி. வைத்தியச் செலவுக்கான இன்ஷூரன்ஸும் தன் கைப் பணத்திலிருந்துதான்.

மீதியுள்ள ஐம்பத்தோராயிரத்துச் சொச்சம் ஒருவருடைய உழைப்பா? இல்லை, இருவருடையது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகாவின் கணக்குப்படி, 2024 மே மாதத்தில் கனரக லாரி டிரைவர்களின் வருஷச் சம்பளத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நின்றது 57,440 டாலர். அது ஒரு டிரைவரின் சம்பளம். லாரி வாங்க வேண்டாம், டயர் வெடித்தால் அவர் தலையில் விழாது. "லட்சம் லட்சம்" என்ற பேச்சு எங்கே போயிற்று, பார்த்தீர்களா?

சொந்த லாரியா, பிறர் லாரியா?

அப்படியானால் சொந்த லாரி வாங்கியவர்களெல்லாம் ஏமாளிகளா? இல்லை. அதற்கும் ஒரு நியாயம் உண்டு.

லாரி வாங்கப் பணமில்லாத தம்பதிகள் வேறொருவர் லாரியை ஓட்டுகிறார்கள். பங்கு முறை பலவிதம். ஒரு முறையில் கூலியில் நூற்றுக்கு 40 ஓட்டுகிறவர்களுக்கு, 60 லாரிச் சொந்தக்காரருக்கு. டீஸல் சொந்தக்காரர் செலவு. நம் உதாரணக் கணக்கில் இந்த 40 பங்கு 64,000 டாலர் ஆகிறது. சொந்த லாரிக்காரருக்கு மிஞ்சிய 60,000-த்தை விட அதிகம்!

ஆனால் தவணை முடிந்த மறு வருஷத்தைப் பாருங்கள். சொந்த லாரிக்காரருக்கு 30,000 கூடுதலாக நிற்கும். ஆக, சொந்த லாரியின் லாபம் முதல் வருஷத்தில் இல்லை. கடைசித் தவணைக்குப் பிறகும் வண்டி எத்தனை வருஷம் நன்றாக ஓடுகிறது என்பதில் இருக்கிறது. தவணை முடிகிற சமயத்தில் எஞ்சினும் முடிந்து போனால் லாபம் எங்கிருந்து வரும்? அதனால் கெட்டிக்காரத் தம்பதிகள் ஒவ்வொரு மைலுக்கும் சில சென்ட்டுகளைப் பழுதுக்கென்று தனியே ஒதுக்குகிறார்கள். கல்யாணச் செலவுக்கென்று தனி டப்பாவில் போட்டு வைக்கிற மாதிரிதான்.

இதற்கு மேல் சந்தை நிலவரம். 2021-ல் லாரிக் கூலி உச்சத்தில் இருந்தது. "இப்படியே இருக்கும்" என்று நம்பிப் பலர் ஏறிய விலையில் லாரி வாங்கினார்கள். 2022 ஜூனில் டீஸல் காலன் ஐந்தரை டாலரைத் தாண்டியது. அதே வருஷம் கூலி இறங்கவும் ஆரம்பித்தது. கூலி இறங்கும், தவணை இறங்குமா?

இன்னொரு பள்ளத்தையும் சொல்லி விடுகிறேன். சில சரக்குக் கம்பெனிகள் தாங்களே டிரைவருக்குத் தவணையில் லாரி கொடுக்கும். "முன்பணம் வேண்டாம், ஓட்டி ஓட்டிக் கடனை அடையுங்கள்" என்பார்கள். லாரியும் அவர்களுடையது, சரக்கும் அவர்கள் கொடுப்பது. வாரா வாரம் கூலியிலிருந்து தவணையைப் பிடித்துக் கொள்வார்கள். சரக்குக் குறைந்தால் டிரைவர் கையில் வருவது சில வாரங்களில் சூனியம்! நடுவில் விட்டால் கட்டிய பணமும் போச்சு, லாரியும் போச்சு. இந்த முறையை ஆராய அமெரிக்கப் போக்குவரத்து இலாகா அமைத்த குழு, இம்மாதிரிக் கம்பெனித் தவணைத் திட்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் பார்லிமெண்டாகிய காங்கிரஸுக்குச் சிபாரிசு செய்திருக்கிறது.

இனி, வகுத்தல்

நம் உதாரணத் தம்பதியிடம் வருவோம். இருவரும் சரிபாதி ஓட்டுகிறார்கள். ஆனால் லாரி கணவர் பெயரில். ஒப்பந்தமும் அவர் பெயரில். வரிக் கணக்கும் "தொழில் செய்பவர்" என்ற இடத்தில் அவர் பெயரோடு போகிறது. பணம் ஒரே குடும்பத்துக்குத்தானே வருகிறது, பெயரில் என்ன இருக்கிறது?

சொல்கிறேன். அமெரிக்காவில் முதுமைக்கால உபகாரச் சம்பளம் சர்க்காரிடம் ஒருவர் பெயரில் பதிவான சம்பாத்தியத்தைப் பொறுத்தது. தன் பெயரில் 40 புள்ளிகள், அதாவது பொதுவாகப் பத்து வருஷ உழைப்பு, பதிவாகியிருக்க வேண்டும். கணவர் பெயரிலேயே எல்லா வரவும் போனால், பதினைந்து வருஷம் இரவும் பகலும் லாரி ஓட்டிய அந்த அம்மாளின் ஏட்டில் அந்த வருஷங்களுக்கு எதிரே பூஜ்யம்தான் இருக்கும்.

மனைவி என்ற முறையில் கணவருடைய தொகையில் அதிகபட்சம் பாதி வரை கிடைக்கும். அவர் காலமாகி விட்டால் விதவைக்கென்று உதவி உண்டு. வாஸ்தவம். ஆனால் விவாகரத்து ஆகி, கல்யாணம் பத்து வருஷம் நீடித்திருக்காவிட்டால், முன்னாள் கணவர் கணக்கில் அவளுக்கு ஒன்றும் இல்லை. அதை விட முக்கியம் ஒன்று. முதுகெலும்பு தேய்ந்தோ விபத்திலோ அவள் வேலை செய்ய முடியாமல் போனால், உழைப்பாளி என்ற முறையில் கிடைக்கும் ஊன உதவித்தொகை அவளுடைய சொந்தப் பதிவைப் பார்த்துத்தான் தரப்படும். பொதுவாகக் கடைசிப் பத்து வருஷத்தில் ஐந்து வருஷ உழைப்பு பதிவாகியிருக்க வேண்டும். லாரி ஓட்டி முதுகு தேய்ந்தவளிடம், "நீ வேலை செய்ததாக எங்கள் ஏட்டில் இல்லையே, அம்மா!" என்று சொல்லி விடுவார்கள்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. 2007-ம் வருஷக் கணக்கிலிருந்து அமெரிக்க வரிச் சட்டம் ஒரு வழி திறந்து விட்டிருக்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்யாமல் கணவனும் மனைவியும் மட்டுமே சொந்தக்காரர்களாக இருந்து, இருவரும் உண்மையாக உழைத்து நடத்தும் தொழிலானால், சேர்ந்து வரிக் கணக்குக் கொடுக்கும் பொழுது வரவு செலவை இரண்டாகப் பிரித்து, இருவரும் தனித் தனி லாபக் கணக்குக் காட்டலாம். வரியும் இரண்டாகப் பிரிகிறது. பொதுவாக மொத்த வரி கூடுவதில்லை. ஆனால் இருவர் ஏட்டிலும் உழைப்பு பதிவாகிறது. செலவில்லாத காரியம், வேண்டியது ஒரு காகிதம், கூடவே "என் பங்கை என் பெயரில் எழுதுங்கள்" என்று கேட்கும் வாய்!

கையெழுத்துக்கு முன்னால்

அமெரிக்காவில் உங்கள் உறவுக்காரர் யாரேனும் இந்தத் தொழிலில் இறங்க யோசித்தால், இந்த ஆறு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்:

1. சொல்கிற கூலி ஏற்றிய மைலுக்கு மட்டுமா, காலி ஓட்டத்துக்கும் உண்டா?

2. டீஸல், சுங்கம், இன்ஷூரன்ஸ் யார் தலையில்?

3. சரக்கில்லாமல் காத்துக் கிடக்கும் நாளுக்கு என்ன?

4. மூன்று மாசம் கூலி இறங்கினால் தவணை கட்டக் கையில் பணம் இருக்கிறதா?

5. ஒப்பந்தத்தை முறித்தால் லாரி யாருக்கு?

6. இருவர் உழைப்பும் இருவர் பெயரிலும் பதிவாகிறதா?

முதல் ஐந்தையும் கணவர் கேட்டு விடுவார். ஆறாவதை மனைவிதான் கேட்டாக வேண்டும்.

நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கணவரின் கடையில் கல்லாவில் உட்காருகிறவர், அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், இரவில் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர் என்று நம் தெருவிலேயே எத்தனை பேர்! பலகையில் "அன் ஸன்ஸ்" என்று பிள்ளைகள்கூடச் சேர்ந்து விடுகிறார்கள். பாதி பாரம் இழுக்கிற அம்மாளின் பெயரை எழுத மட்டும் பலகையில் இடம் போதுவதில்லை.